ப்ளாயா தெல் கார்மென்: கின்தா அவெனிதாவைத் தாண்டி என்ன இருக்கு?

டல்லஸ்_தாமரை
எல்லாருக்கும் வணக்கம். மார்ச் மூணாவது வாரம் மெக்ஸிகோவோட கரீபியன் கரையில இருக்கிற ப்ளாயா தெல் கார்மென்ல அஞ்சு ராத்திரி தங்குறோம். நாங்க ரெண்டு பேர், எட்டு வயசுப் பொண்ணு, இந்தியப் பாஸ்போர்ட்ல மாமனாரும் மாமியாரும். பெரிய தீம் பார்க் வேண்டாம், விடிகாலையில கிளம்புற சிச்சென் இட்சா பஸ் டூரும் வேண்டாம். ஊர்க்காரங்க போற மாதிரி இடங்கள் இருந்தா சொல்லுங்க. மாமியார் சுத்த சைவம். ரெண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது. வீட்டுக்காரர் ஸ்கூபா டைவ் பண்ணுவார். கார் எடுக்கணுமா, வேனே போதுமா? கடல்பாசி வந்து நாறுதுன்னு சொல்றாங்களே, அது எந்த அளவுக்கு நிஜம்?

வெள்ளைவேன்
தாமரை மேடம், முதல்ல ஊரோட அமைப்பைச் சொல்லிடறேன். அது மனசுல நின்னுட்டா பாதி வேலை முடிஞ்சது. கடலுக்கு இணையா ஓடுற தெரு அவெனிதா: 5, 10, 15, 20ன்னு அஞ்சஞ்சா ஏறும். குறுக்குத் தெரு காயே: வடக்கே போகப் போக 2, 4, 6ன்னு இரட்டைப்படையா ஏறும். சுற்றுலாக் கூட்டம் மொத்தமும் அந்த 5-லதான், அதுதான் கின்தா. 30-ஐத் தாண்டி உள்ளே போனா சாப்பாட்டு விலை சட்டுனு இறங்கிடும். ஊருக்கு முதுகுப் பக்கமா 307-ஆம் நெடுஞ்சாலை. வடக்கே கான்குன், தெற்கே துலும்.

துலும் பக்கம் போற வெள்ளை வேன் (கொலெக்டிவோ) காயே 2-ல நிக்கும், கின்தாவிலிருந்து நடக்கிற தூரம். டைம் டேபிள் கிடையாது, ஆள் நிறைஞ்சா கிளம்பும். ஏறும்போதே எங்க இறங்கணும்னு டிரைவர்கிட்ட சொல்லணும், இறங்கும்போது காசு. சில்லறை பெசோ வச்சுக்குங்க. டாலரையும் வாங்குவாங்க, ஆனா அவங்க போடற ரேட்தான்.

இதுல யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு. 307 நடுவுல தடுப்பு வச்ச சாலை, வண்டிங்க நூறுக்கு மேல பறக்கும். செனோட்டேங்க (பாறைக்குள்ள இருக்கிற நன்னீர்க் குளம்) எல்லாம் பெரும்பாலும் காட்டுப் பக்கம், அதாவது மேற்கே. தெற்கே போற வேன் உங்களை அந்தப் பக்கமே இறக்கிவிடும், சுகம். ஆனா ஊருக்குத் திரும்ப ரோட்டைக் கடந்து கிழக்குப் பக்கம் நிக்கணும். கடற்கரை இடங்களுக்கு இது தலைகீழ்: போகும்போதுதான் கடக்கணும். நடை மேம்பாலம் எல்லா இடத்துலயும் இருக்காது. வயசானவங்களோட அந்தக் கடப்பு சரிப்படாது.

இன்னொண்ணு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல திரும்பி வர்ற வேன் துலும்லயே நிறைஞ்சுதான் வரும். நடுவழியில கை காட்டினா ஒருத்தர் ரெண்டு பேருக்கு இடம் கிடைக்கும், அஞ்சு பேருக்குக் கிடைக்காது. அதனால உங்களுக்கு என் கணக்கு: ரெண்டு நாளைக்கு மட்டும் கார், மீதி நாள் நடை, படகு, பஸ்.

மிளகுரசம்
கார் எடுக்கிறதுன்னா இன்சூரன்ஸ் விஷயத்தைத் தெளிவா வச்சுக்குங்க. ஆன்லைன்ல நாளுக்கு ஏழெட்டு டாலர்னு காட்டும், கவுன்டர்ல போனா அது பல மடங்காகும். காரணம், மெக்ஸிகோவில மூணாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். உங்க கிரெடிட் கார்டு தர்ற கவரேஜ் வாடகைக் காருக்கு ஆகுற சேதத்துக்குத்தான், அடுத்தவருக்கு ஆகுற சேதத்துக்கு இல்லை. அதனால புக் பண்ணும்போதே ‘ரெஸ்பொன்சபிலிதாத் சிவில்’ (அந்த மூணாம் தரப்புக் காப்பீடு) சேர்ந்த விலையா பாருங்க. காரை வாங்கும்போது நாலு பக்கமும், டயரும், கண்ணாடியும் வீடியோ எடுத்துக்குங்க.

பெட்ரோல் பங்கில மீட்டர் பூஜ்யத்துல இருக்கான்னு பார்த்துட்டுத்தான் தலையாட்டணும். எத்தனை பெசோ நோட்டு குடுக்கிறீங்கன்னு வாய்விட்டுச் சொல்லிக் குடுங்க. ஊருக்குள்ள நுழையிற இடமெல்லாம் தோப்பே, நம்ம ஊர் வேகத்தடையோட அண்ணன். பெயின்ட் அழிஞ்சு போனது நிறைய. ராத்திரியில அதுல ஏத்தினா அடிப்பாகம் போயிடும். இருட்டறதுக்கு முன்னாடி ஊர் சேர்ந்துடுங்க.

ஏடிஎம்முக்கு வங்கிக் கிளைக்கே போங்க, கின்தாவில கடை வாசல்ல நிக்கிற மெஷின் வேண்டாம். கடைசித் திரையில ‘நாங்களே டாலருக்கு மாத்தித் தர்றோம்’னு கேட்கும். வேண்டாம்னு அமுக்கினாலும் பணம் வரும், உங்க வங்கி ரேட்லயே வரும்.

ஸ்கார்பரோவாசி
தங்கச்சி, பாசி கதைக்கு நான் வாறன். சர்காசம் எண்டிறது அட்லான்டிக்கில மிதந்து வாற பழுப்புப் பாசி. 2011 இலிருந்து கரிபியன் முழுக்க இது பெரிய தலையிடி. பொதுவா மார்ச், ஏப்ரலில தொடங்கி ஓகஸ்ட், செப்டம்பர் மட்டும் இருக்கும். மார்ச் மூண்டாம் கிழமை எண்டால் ரெண்டுங்கெட்டான் காலம்: ஒரு நாள் கண்ணாடி மாதிரித் தண்ணி, அடுத்த நாள் முழங்கால் உயரத்துக்குக் குவியல். புதுசாய் வந்த பாசி ஒண்டும் செய்யாது. கரையில கிடந்து கறுத்துப்போனதுதான் அழுகின முட்டை மணம் மணக்கும். அது ஹைட்ரஜன் சல்பைட். ஆஸ்துமா உள்ள ஆக்களை அதுக்குக் கிட்ட விடாதேங்கோ.

காத்து கிழக்கிலயும் தென்கிழக்கிலயும் இருந்துதான் அடிக்கும். அதால கிழக்குப் பார்த்த கரையெல்லாம் அடி வாங்கும். கொசுமெல் தீவின்ர மேற்குக் கரை தப்பிவிடும், தீவே அதுக்கு மறைப்பு. ஆகவே நாளுக்கு நாள் திட்டத்தை முன்கூட்டியே இறுக்கிக் கட்டாதேங்கோ. காலமை எழும்பிக் கடலை ஒருக்கால் பாருங்கோ. நல்லதெண்டால் கடற்கரை, பாசியெண்டால் செனோட்டே இல்லாட்டி கொசுமெல்.

கொசுமெல் போற பெரி (பயணிகள் படகு) 45 நிமிசம். ஒண்டுக்கு மேற்பட்ட கொம்பனி ஓடுது. ரெண்டு வழி டிக்கட்டை ஒண்டாய் எடுத்தால் அந்தக் கொம்பனியின்ர நேரத்துக்குத்தான் திரும்பலாம். ஒரு வழி எடுத்துப் போய், வரேக்க எது முதல்ல வெளிக்கிடுதோ அதில ஏறுங்கோ. நடுக்கால்வாயில நீரோட்டம் உரம், படகு நல்லாய் ஆடும். மாமி மாமாவைக் கீழ்த்தட்டில பின்பக்கமாய் இருத்துங்கோ.

சுண்ணாம்புக்கல்
செனோட்டே பற்றிச் சொல்கிறேன். யுகடான் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, இந்தக் கரையில் தரைமேல் ஓடும் ஆறு என்று ஒன்றைப் பார்க்க முடியாது. மழைநீர் பாறையைக் கரைத்து அடியில் குகையாக ஓடுகிறது. கூரை இடிந்து விழுந்த இடம்தான் செனோட்டே. துலும் அருகே இருக்கும் சாக் அக்துன் குகைத்தொடரை 2018-இல் பக்கத்து தோஸ் ஓஹோஸோடு இணைத்து அளந்தபோது 347 கிலோமீட்டர் வந்தது. அதே தொடரில் உள்ள ஓயோ நெக்ரோ குழியில் 2007-இல் முக்குளிப்பவர்கள் கண்டெடுத்த பதின்வயதுப் பெண்ணின் எலும்புக்கூடு 12,000 ஆண்டுக்கும் மேல் பழையது. ‘நையா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் இருநூறு பெசோ கொடுத்துக் குளிக்கும் குட்டையும் அந்த வகைக் குகையின் வாசல்தான்.

உங்கள் குடும்பத்துக்கு: புவெர்தோ அவெந்தூராஸைத் தாண்டியதும் வரிசையாக கிரிஸ்தலினோ, அசுல், ஹார்தின் தெல் எதென். மூன்றும் திறந்தவெளி, குகை இருட்டு கிடையாது. நீச்சல் தெரியாதவர்கள் இருந்தால் அசுல்தான் சரி. முழங்கால் அளவு ஆழமுள்ள சின்னக் குட்டைகள் தனியாக இருக்கின்றன. காலை நீட்டி உட்கார்ந்தால் சின்ன மீன்கள் வந்து தோலைக் கொத்தும், உங்கள் பெண் நகரமாட்டாள். எதென் பெரியது, அழகானது. ஆனால் நெடுஞ்சாலையில் இருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் சரளைப் பாதை, வேனில் வந்தால் வெயிலில் நடக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மூடும் செனோட்டேகளும் உண்டு, கிளம்பும் முன் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காலை திறந்த உடனே போய்விடுங்கள். பத்தரை, பதினொன்றுக்கு டூர் வேன்கள் வந்து இறங்கும். தண்ணீர் வருடம் முழுக்க 24, 25 டிகிரி. கேட்க இதமாகத் தோன்றும், குழந்தைக்கு அரை மணியில் உதடு நீலமாகும். முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள், குளிருக்கும் ஆயிற்று, வெயிலுக்கும் ஆயிற்று. பாறையில் பாசி வழுக்கும், ரப்பர் அடி வைத்த நீர்க்காலணி எல்லோருக்கும் வேண்டும். உயிர்காப்பு ஜாக்கெட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். அட்டை செல்லாத இடங்கள் உண்டு, ரொக்கம் கொண்டு போங்கள்.

சன்ஸ்கிரீன் கூடவே கூடாது, ‘இயற்கையில் மக்கும்’ என்று எழுதியிருந்தாலும் கூடாது. கொசு மருந்தும் அப்படியே. கடலைப் போல அலையடித்துக் கலைந்துபோக இங்கே வழியில்லை, எண்ணெய் படலமாக மேலேயே நிற்கும். அதோடு அந்த ஊர்களின் குடிநீரே இந்த நிலத்தடி நீர்தான். நுழையும் முன் ஷவரில் குளிக்கச் சொல்வது அதற்காக. காலையில் அறையிலேயே பூசிக்கொண்டு வந்துவிட்டு, ஷவரில் இரண்டு சொட்டு தெளித்துக்கொள்வது ஏமாற்று வேலை.

டல்லஸ்_தாமரை
ரொம்ப நன்றி. மாமனார் மாமியாருக்கு மெக்ஸிகோ விசா தனியா எடுக்கணுமா? ஊருக்குள்ளயே அவங்க காலாற நடந்து பார்க்க ஏதாவது இருக்கா? அப்புறம் சாப்பாடு?

வெள்ளைவேன்
அமெரிக்க விசா செல்லுபடியா இருந்தா தனி மெக்ஸிகோ விசா வேண்டாம். கனடா, பிரிட்டன், ஷெங்கன், ஜப்பான் விசாவுக்கும் அதே சலுகை. திரும்பி வரவும் அதே விசாதான் வேணும், அதனால மல்டிபிள் என்ட்ரிதானான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க.

டிக்கெட் போடும்போது இன்னொண்ணு: துலும்ல 2023 டிசம்பர்ல புது விமான நிலையம் திறந்தாங்க. ‘துலும் பக்கத்துலதானே’ன்னு அங்க எடுத்தா ப்ளாயா வர ஒன்றரை மணி நேரம் ஆகும். கான்குன் நிலையத்துலருந்து ஏடிஓ பஸ் நேரா ப்ளாயா ஊருக்குள்ள வரும், ஒரு மணி நேரம். மாயா ரயிலுக்கும் ப்ளாயாவில ஸ்டேஷன் இருக்கு, ஆனா ஊருக்கு வெளியே. அங்கேருந்து டாக்சி பிடிக்கிறதுலயே மிச்சம் பிடிச்ச நேரம் போயிடும்.

ஊருக்குள்ள நடக்கணும்னா: பெரி துறையிலருந்து தெற்கே ப்ளாயாகார் குடியிருப்புக்குள்ள ஷமான்-ஹா இடிபாடுகள். குட்டிக் குட்டிக் கல்கோயில், மரத்துக்கு நடுவுல, டிக்கெட் கிடையாது. அரை மணிக்கு மேல தேவைப்படாது. இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான மாயா மக்கள் ப்ளாயாவுக்கு வச்ச பழைய பேரே ஷமான்-ஹாதான். இங்கேருந்தும், இப்ப ஷ்காரெட் பார்க்குக்குள்ள மாட்டிக்கிட்ட போலே துறையிலருந்தும் மாயா இனப் பெண்கள் படகுல கொசுமெலுக்கு, இஷ்செல் தெய்வத்தைக் கும்பிடப் போவாங்க. பிள்ளைப்பேறும் வைத்தியமும் அவளோட பொறுப்பு. கொசுமெல் நடுவுல சான் ஹெர்வாசியோன்னு அந்தக் கோயில் ஊர் இன்னும் இருக்கு. பாட்டி தாத்தாவுக்குக் கதையோட சொன்னா ரசிப்பாங்க.

வடக்குக் கோடியில புந்தா எஸ்மெரால்தா. ஒரு ஊத்து மண்ணுக்குள்ளேருந்து கிளம்பி அப்படியே கடல்ல போய்ச் சேருது. முழங்கால் ஆழம், குழந்தைங்க உருளலாம். ஞாயித்துக்கிழமை உள்ளூர்க் குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோட வந்து இறங்கும். அது உங்களுக்குப் பிடிக்கும்னா ஞாயிறு, அமைதி வேணும்னா வார நாள்.

கடற்கரையில எந்த ஹோட்டல்காரரும் ‘இது எங்க பீச்’னு விரட்ட முடியாது. மெக்ஸிகோவில கடற்கரை எல்லாமே அரசோட சொத்து. சிக்கல் பாதையிலதான்: மணல் பொது, அதுக்குப் போற வழி தனியார் நிலம். அதனால பொது வழி எதுன்னு மேப்ல பார்த்துட்டுக் கிளம்புங்க.

மிளகுரசம்
சாப்பாட்டுக்கு வர்றேன். ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாம)ன்னு மட்டும் கேட்டா தட்டுல கோழியோ மீனோ வரும். அவங்க கணக்குல கார்னேன்னா மாடு, பன்னிதான். கோழி, மீன், பன்னிக் கொழுப்பு மூணையும் பேர் சொல்லித் தள்ளணும்: ‘நி போயோ, நி பெஸ்காதோ, நி மன்தேகா’. இதை ஒரு சீட்டுல எழுதி மாமியார் கையிலயே குடுத்துடுங்க.

மாட்டிக்கிற இடம் மூணு. பீன்ஸ் கூழ்ல (ஃப்ரிஹோலெஸ்) பன்னிக்கொழுப்பு இருக்கும். சிவப்புச் சோறு கோழிச் சாறுல வேகும். தமாலே மாவுலயும் அதே மன்தேகா. சோள டொர்த்தியா பொதுவா பிரச்சினையில்லை, கோதுமை டொர்த்தியாவில கொழுப்பு சேர்ந்திருக்கலாம். நம்பிச் சாப்பிடக்கூடியது: சீஸ் வச்ச கெசாதியா, பூசணிப்பூ, உய்த்லகோச்சே (சோளக்கதிர்ல வர்ற கறுப்புக் காளான்), அவகாடோ, வேகவச்ச சோளம். முட்டை பரவாயில்லைன்னா பாப்பாத்சூல் கண்டிப்பா. பூசணிவிதையை வறுத்து அரைச்ச குழம்புல டொர்த்தியாவை முக்கி எடுத்து, உள்ளே அவிச்ச முட்டையை வச்சு சுருட்டித் தருவாங்க. மாயா மக்களோட வீட்டுச் சமையல், மசாலாவும் நம்ம நாக்குக்கு அந்நியமா இருக்காது.

சாயான்னு ஒரு கீரை எல்லா மெனுவிலயும் தலைகாட்டும். மரவள்ளி குடும்பத்துச் செடி, பச்சை இலையில சயனைடு தர்ற பொருள் இருக்கு, நல்லா வெந்தா போயிடும். முட்டையோட பொரிச்சுத் தருவாங்க, அது பயமில்லாம சாப்பிடலாம். மேசையில வைக்கிற ஷ்னிபெக் சட்னி பச்சை அபனேரோ மிளகாய், வெங்காயம், புளிப்பு ஆரஞ்சுச் சாறு. நம்ம ஊர்க் காரம் தாங்குறவங்களும் முதல்ல நுனி நாக்குல தொட்டுப் பாருங்க.

சாயங்காலத் தள்ளுவண்டியில மர்கெசீத்தா: மொறுமொறு சுருளுக்குள்ள துருவின எதாம் சீஸ். கூட நுத்தெல்லாவோ வாழைப்பழமோ கேட்டுக்கலாம். பொண்ணுக்கு ராத்திரிச் சாப்பாடே அதுதான் ஆகப்போகுது.

நீலவால்
எல்லாரும் ப்ளாயாவுக்கும் துலுமுக்கும் நடுவுல இருக்கிற அகுமால் கடற்கரையை விட்டுட்டீங்களே? கடல் ஆமையோட நீந்தலாம், குழந்தைக்கு அதைவிட வேற என்ன வேணும்?

ஸ்கார்பரோவாசி
தம்பி, அகுமால் குறைஞ்சளவு தெரிஞ்ச இடமே? ஆமை இருக்குத்தான். புல் மேய வாற பச்சை ஆமையள், வருசம் முழுக்க நிக்கும். ஆனால் இப்ப ஆமை நிக்கிற பகுதிக்குள்ள வழிகாட்டியோட, ஜாக்கெட் போட்டுத்தான் விடுவினம். வாசல்ல காசு, வழிகாட்டிக்குக் காசு. ஒரு ஆமைக்குப் பின்னால இருபது செம்மஞ்சள் ஜாக்கெட். அதுக்கு ஆமை என்ன செய்யும், மூச்செடுக்கவும் மேல வரப் பயப்பிடுது.

அகுமாலின்ர வடக்கு முனையில யால்-கூ குடா. ஊத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கிற இடம், அலை இல்லை, கிளிமீன் கூட்டமாய் திரியும். முதல்ல இறங்கேக்க எண்ணெய்க்குள்ளால பாக்கிற மாதிரி எல்லாம் மங்கலாய் இருக்கும். மாஸ்க்கைக் கழட்டித் துடைக்காதேங்கோ, அது மாஸ்க்கின்ர பிழை இல்லை. நல்ல தண்ணி மேல, உப்புத் தண்ணி கீழ, ரெண்டும் சந்திக்கிற இடத்தில ஒளி வளையிறது. ஒரு மீற்றர் கீழ போனால் தெளிஞ்சிடும்.

ஆமைக்கெண்டே ஒரு கடற்கரை பாக்க ஆசையெண்டால் ஷ்காசெல். ஷெல்-ஹா பார்க்குக்குக் கொஞ்சம் வடக்கை. கட்டடம் ஒண்டும் இல்லாத வெள்ளை மணல், ஏனெண்டால் அது ஆமைக் காப்பகம். மே தொடக்கம் ஒக்டோபர் வரை பெருந்தலை ஆமையும் பச்சை ஆமையும் முட்டை இட வரும், மார்ச்சில கூடு இருக்காது. மணலில நேரை கடலைப் பாத்து நிண்டு வலப்பக்கம், தெற்கை நடந்தால் கண்டல் காட்டுக்குள்ளால பாதை, அங்க சின்ன செனோட்டே. காலமை வெள்ளனப் போங்கோ: ஆக்களை அளவாய்த்தான் விடுவினம், பின்னேரம் வெள்ளனவே பூட்டுவினம். இங்கயும் சன்ஸ்கிரீன் வேண்டாம். வேனில போறதெண்டால் இதுதான் முன்னர் சொன்ன தலைகீழ் கேஸ், போகேக்க ரோட்டைக் கடக்கவேணும்.

சுண்ணாம்புக்கல்
டைவ் பண்ணுபவருக்குத் தனியாக. மார்ச் மூன்றாவது வாரம் காளைச்சுறா பருவத்தின் வால்முனை. நவம்பரில் இருந்து மார்ச் வரை ப்ளாயா கரைக்கு மிக அருகே, சுமார் 25 மீட்டர் ஆழ மணல்தரையில், கருவுற்ற பெண் சுறாக்கள் வரும். அட்வான்ஸ்டு சான்றிதழ் கேட்பார்கள். மீன் துண்டு போட்டுச் சுறாவை வரவழைக்கும் கடைகளும் உண்டு, போடாத கடைகளும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்டு, போடாத கடைக்குப் போகட்டும். கையில் உணவு இருக்கும் மனிதனை அடையாளம் கண்டுகொண்ட சுறா, கையில் ஒன்றும் இல்லாதவனிடமும் வரும்.

செனோட்டே டைவ்: முதல் தடவை என்றால் தோஸ் ஓஹோஸ். 10 மீட்டர் ஆழம்தான், இரண்டு கயிற்று வழிகள். அவர் குகைச் சான்றிதழ் இல்லாத சாதாரண டைவர் என்றால் ‘கேவர்ன்’ பகுதியோடு நிறுத்தணும்: வெளிவாசலின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியணும், நீர்மட்டத்துக்கு வெளியேற 60 மீட்டருக்குள் இருக்கணும். வழிகாட்டி முழுக் குகை டைவராக இருக்க வேண்டும், ஒரு வழிகாட்டிக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. எமன் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டால் அதற்கு அப்பால் காலில் மாட்டிய துடுப்பின் நுனிகூடப் போகக் கூடாது, வழிகாட்டி கூப்பிட்டாலும்.

இடுப்பில் கட்டும் ஈய எடையில்தான் எல்லோரும் தப்பு பண்ணுவார்கள். நன்னீர் கடல்நீரைவிட எடை குறைவு. கடலில் 6 கிலோ கட்டுபவர் இங்கே அதே உடுப்போடு 4 கிலோவில் ஆரம்பித்துப் பார்க்கலாம். அப்படியே 6 கட்டினால் பாதம் தரையை உரசும், வண்டல் கிளம்பும், பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. 5 மில்லிமீட்டர் உடுப்பு வேண்டும். உப்புநீரும் நன்னீரும் சந்திக்கும் அடுக்கில் முன்னால் போகிறவரின் துடுப்பு கலக்கிவிட்டால் பின்னால் இருப்பவர் குருடர்தான். நேர் பின்னால் போகாமல் கொஞ்சம் பக்கவாட்டில், கயிற்றைப் பார்த்தபடி போகட்டும்.

அங்கெலிதா செனோட்டே வேண்டும் என்று கேட்பார், எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பதுதான். 30 மீட்டரில் ஹைட்ரஜன் சல்பைடு மேகம், மேலே பட்ட மரக்கிளை. பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஆழமும் இருட்டும் பழகிய பிறகு. கடைசியாக, பல நாள் டைவ் செய்தால் விமானம் ஏற 18 மணி நேரம் இடைவெளி விடணும், கடைசி நாளைக் காலியாக வையுங்கள்.

வெள்ளைவேன்
கார் இருக்கிற ரெண்டு நாளைக்கு என் யோசனை.

ஒரு நாள் முயில். துலும்லருந்து தெற்கே அரை மணிக்குள்ள. இடிபாடு சின்னது, கூட்டமே இருக்காது. அதுக்குப் பின்னால மரப்பலகைப் பாதை காட்டு வழியா ஏரிக்கரைக்குப் போகும், நடுவுல ஒரு மரக் கோபுரம் ஏறலாம், ஏணி செங்குத்து, தாத்தா பாட்டி கீழேயே நிக்கட்டும். ஏரிக்கரையில உள்ளூர் மாயக் கூட்டுறவுக்காரங்க படகு வச்சிருக்காங்க. ரெண்டு ஏரியைத் தாண்டி, மாயர்கள் வணிகத்துக்குப் பயன்படுத்தின பழைய வாய்க்கால்ல இறக்கி விடுவாங்க. நீந்தவே வேண்டாம், ஓட்டமே தள்ளிக்கிட்டுப் போகும். ஜாக்கெட்டை மேலே மாட்டாம தலைகீழாக் காலை விட்டு இடுப்புல கட்டிக்கிட்டா நாற்காலில உக்கார்ந்த மாதிரி மிதக்கலாம். நீச்சல் தெரியாதவங்களுக்கு மட்டும் சரியா மேல போட்டுக்கிறதுதான் நல்லது. மதியத்துக்கு முன்னாடி போங்க, பிற்பகல்ல காத்து ஏறி ஏரி அலையடிக்கும், படகு முழுக்க நனைச்சுடும். இது சியான் கான் காப்பகம், 1987-லருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு.

இன்னொரு நாள் புந்தா லகூனா. கோபா மாயா இடிபாடுகளுக்கு வடக்கே 20 கிலோமீட்டர். சிலந்திக் குரங்குக் காடு, கிராமத்து மாய மக்களே நடத்துறாங்க, அவங்க ஆள் கூட வராம உள்ளே விடமாட்டாங்க. குரங்கு காலையிலயும் சாயங்காலமும்தான் அசையும், நடு மதியம் போனா காலி மரத்தைத்தான் பார்க்கணும். போற வழியில கோபா: வாசல்லருந்து பெரிய கோபுரத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் நிழல் பாதை, சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், பெரியவங்களுக்கு மூணு சக்கர வண்டி. அங்கேருந்து மேற்கே யாஷுனா வரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மாயர் போட்ட வெள்ளைக்கல் சாலை இருக்கு. ஞாயித்துக்கிழமை வேண்டாம், மெக்ஸிகோக்காரங்களுக்கு அன்னிக்கு இலவசம், கூட்டம் தாங்காது.

மணி விஷயம் கவனம். ப்ளாயா இருக்கிற கின்தானா ரோ மாநிலம் பக்கத்து யுகடான் மாநிலத்தைவிட ஒரு மணி முன்னாடி. புந்தா லகூனா எல்லைக்குப் பக்கம், போன் தானா மணியை மாத்திக்கிட்டு குழப்பும். யுகடான்ல இருக்கிற வயதோலித் ஊருக்குப் போனா போகும்போது ஒரு மணி லாபம், வரும்போது அதைத் திருப்பிக் குடுக்கணும். டல்லஸும் ப்ளாயாவும் மார்ச் பாதிக்கு மேல ஒரே மணிதான்.

சுண்ணாம்புக்கல்
காட்டுப் பாதை என்றால் ஒரு மரத்தைச் சொல்லியே ஆகவேண்டும். சேச்சென். நம் சேராங்கொட்டையின் குடும்பம்தான், வேலையும் அதே வேலை. மரப்பட்டையில் தார் ஒழுகின மாதிரி கறுப்புக் கறை படிந்திருக்கும். அந்தப் பால் தோலில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அப்புறம் கொப்புளம் கிளம்பும். மழையில் அதன் அடியில் ஒதுங்கக் கூடாது. பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவணும், துணியையும் சேர்த்து. ஊர் வைத்தியம் சாக்கா மரத்துப் பட்டை: செம்பு நிறத்தில் காகிதம் மாதிரி உரியும், சேச்சென் இருக்கும் காட்டில் அதுவும் அநேகமாக இருக்கும். பெண்ணிடம் ‘எந்த மரத்தையும் தொடாதே’ என்று சொல்வதைவிட இந்த இரண்டு மரத்தையும் காட்டிக் கொடுத்துவிடுங்கள், அவளே உங்களுக்குக் காவல் பார்ப்பாள்.

மாயக் கிராமங்களில் கொடுக்கு இல்லாத தேனீயை மரக்கட்டைக்குள் வளர்ப்பதையும் காட்டுவார்கள், ஷுனான் காப் என்று பெயர். ஊரில் கொசுத்தேனீ பார்த்த மாமனார் அங்கே அரை மணி நின்றுவிடுவார். தேன் தண்ணியாக, லேசாகப் புளிக்கும், விலை அதிகம். அது கெட்டுப்போனதல்ல.

டல்லஸ்_தாமரை
பிரமாதம். ஒரே ஒரு சந்தேகம். கொசுமெலை ஞாயித்துக்கிழமை வச்சிருக்கேன், சுற்றுலாக் கப்பல் கூட்டம் அன்னிக்குக் குறைவுன்னு படிச்சேன். சரிதானே?

ஸ்கார்பரோவாசி
கப்பல் குறைவுதான், ஆனால் தெற்கு முனையில இருக்கிற புந்தா சூர் பூங்கா ஞாயிறு பூட்டு. வெளிச்சவீடு, முதலை நிக்கிற கொலம்பியா குடா எல்லாம் அதுக்குள்ளதான். அது வேணுமெண்டால் சனிக்கிழமை போங்கோ. கிழக்குக் கரையில குளிக்கிறதெண்டால் சென் ரியோ மட்டும், பாறை மறிச்சு அலையை உடைக்கும். மற்ற இடமெல்லாம் இழுவை நீரோட்டம், அழகாய் இருக்கெண்டு பிள்ளையை இறக்கிப்போடாதேங்கோ. ஸ்கூட்டர் வேண்டாம், அஞ்சு பேருக்கு ஜீப்போ டாக்சியோ பேசுங்கோ. டாக்சி எண்டால் ஏற முதலே மொத்த விலையையும் காத்திருக்கிற நேரத்தையும் பேசி முடியுங்கோ. கிழக்குப் பக்கம் கரண்டும் இல்லை, தெருவிளக்கும் இல்லை, வெளிச்சம் போக முதல் ஊர்ப்பக்கம் வந்திடவேணும்.

வெள்ளைவேன்
அதோட மார்ச் மூணாவது திங்கள் மெக்ஸிகோவில அரசு விடுமுறை, பெனிதோ ஹுவாரஸ் நாள். சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் மெரிதாவிலருந்தும் தலைநகர்லருந்தும் ஆளுங்க இறங்குவாங்க. உங்க தேதி அதுல விழுந்தா கொசுமெலைச் செவ்வாய்க்கோ புதனுக்கோ தள்ளிடுங்க, கப்பல் இருந்தாலும் பரவாயில்லை. கப்பல் கூட்டம் துறையையும் மேற்குக் கரையையும் விட்டு அதிகம் நகராது. 20, 21 தேதியில சிச்சென் இட்சா பக்கமே போகாதீங்க, சம இரவு நாள், அங்க இருக்கிற பிரமிடோட படியில பாம்பு மாதிரி விழுற நிழலைப் பார்க்கக் கூட்டம் குவியும். காரை வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துத் திருப்பிக் குடுத்துடுங்க, நீண்ட வார இறுதியில வாடகையும் ஏறும், 307-ம் நகராது.